கூட்ஸ் வண்டிக்குத் துரு அடிப்பது எப்படி? (கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு)

ரயில் என்று சொன்னதும் நம் எல்லோருக்கும் ஜன்னல் வைத்த பெட்டிதான் ஞாபகம் வரும். கூட்ஸ் வண்டி வந்தால் பிளாட்பாரத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்து, "எப்படா முடியும்?" என்று நிற்போம். லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டவர்கள் பொழுது போகாமல் பெட்டிகளை எண்ணுவார்கள். அத்தோடு சரி. எண்ணிய பெட்டியை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் கூட்ஸ் பெட்டியை உள்ளங்கை அளவில் செய்கிறார்கள். அழகாக பெயிண்ட் அடிக்கிறார்கள். எழுத்தும் எண்ணும் எழுதுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் புது பெயிண்டின் மேல் துரு, கரி, சேறு, வெயிலில் வெளுத்த நிறம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே பூசுகிறார்கள்! இதற்கு வெதரிங் என்று பெயர். வசதிக்காக நாம் 'பழசாக்குதல்' என்று வைத்துக்கொள்வோம்.

பி.காம். படிக்கிற எனக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு. அக்கவுண்டன்சியில் தேய்மானம் என்று ஒரு வரி எழுதுவோம். மெஷினரி இவ்வளவு, கழிக்க தேய்மானம் 10 சதவீதம், மீதி இவ்வளவு. ஒரே வரி, முடிந்தது. அந்த 10 சதவீதம் எங்கே போனது, எப்படிப் போனது, யார் கையில் போனது என்று கணக்குப் புத்தகம் சொல்லாது. கூட்ஸ் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தால் அது தெரியும். இந்த மாதிரி செய்பவர்கள் அதைத்தான் பெயிண்டில் எழுதுகிறார்கள்.

செங்கல்பட்டு வழியாகப் போன கூட்ஸ் வண்டி ஒன்றை அப்படிச் செய்ய வேண்டுமானால் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்? அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு... பொறுமையாகப் படியுங்கள்.

பொம்மை எப்போது மாதிரி ஆனது?

ரயில் பொம்மைகள் ரயில் வந்த சில வருடங்களிலேயே வந்துவிட்டன. ஆனால் ஒரு கம்பெனி பொம்மை இன்னொரு கம்பெனி தண்டவாளத்தில் ஓடாது. 1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து, ஒரு தொகுதியாக விற்பனைக்கு வைத்தது. இன்று ஒரு பெட்டி வாங்கலாம், அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொன்று சேர்க்கலாம். வியாபார மூளை! 1920-ல் இங்கிலாந்தில் ஹார்ன்பி ரயில்கள் வந்தன. அப்புறம்தான் "இது நிஜத்தில் எத்தனை அடி, பொம்மையில் எத்தனை அங்குலம்?" என்ற அளவுக் கணக்கு பிடிவாதமாக ஆனது. இன்று உலகில் அதிகம் புழங்குவது 87-ல் ஒரு பங்கு அளவு. எச்.ஓ. என்பார்கள்.

நம் நாட்டிலும் அந்தக் காலத்தில் ஒரு பிரபலமான குட்டி கூட்ஸ் வண்டி உண்டு. குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையில் மகாராஜாவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடிய வெள்ளி ரயில். அதன் பெட்டிகளில் மதுக்குப்பிகளும் சுருட்டுகளும் விருந்தாளிகளிடம் போகும். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரக்கு ரயில்தானே! (இரண்டு அர்த்தத்திலும் :-)) ஆனால் அதில் துரு இருக்காது. வெள்ளி, பளபளப்பு, ஏழு பெட்டி.

பழசாக்குதலை ஒரு கலையாக எல்லோருக்கும் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். தொழிலில் புகைப்படக்காரர். கலிபோர்னியாவின் மான்டரேயில் தன் வீட்டின் அடித்தளத்தில் ஒரு மலைநாட்டு ரயில் பாதையையே அமைத்தார். புகைப்படக்காரர் என்பதால் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. பளபளக்கும் பிளாஸ்டிக் பெட்டியை எவ்வளவு நெருங்கிப் படம் எடுத்தாலும் அது பொம்மையாகத்தான் தெரியும். அதே பெட்டியில் அழுக்கு ஏறினால் கண் ஏமாறும். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பிடித்து அவர் செய்த உலகத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. மிஞ்சியவை படங்களும் எழுத்துகளும்தான். இந்த 'மிஞ்சியவை' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் கதையிலும் இது வரும்.

முதலில் வந்தது கூட்ஸ்தான்

இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால் 1853, பம்பாய்–தானே என்று பட்டென்று சொல்லிவிடுவோம். அது முதல் பயணிகள் ரயில். அதற்கு முன்பே இரும்புப் பாதையில் வண்டிகள் ஓடின. 1837-ல் செங்குன்றம் பக்கமிருந்து சென்னைக்குச் சாலை போடுவதற்காகக் கல் ஏற்றி வர ஒரு பாதை இருந்தது. ஆர்தர் காட்டன் அமைத்தது. 1845-ல் கோதாவரி அணை கட்ட தவுலேஸ்வரத்தில் கல் சுமக்க ஒரு பாதை. 1851-ல் ரூர்க்கி அருகே சோலானி நீர்ப்பாலம் கட்ட இன்னொன்று. மூன்றும் சரக்குக்காக. மனிதர்கள் ஏறியது அதற்கு அப்புறம்தான்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது. (இந்த வாலாஜாவும் காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத்தும் வேறு வேறு. பின்னால் குழப்பம் வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.) 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இந்தியன் டிராம்வே கம்பெனி ஒரு பாதை போட்டது. அதன் அகலம் மூன்றரை அடி. பிறகு அது மீட்டர்கேஜாக மாறி செங்கல்பட்டு வரை நீண்டது. 1874-ல் சவுத் இந்தியன் ரயில்வே உருவானது. 1870-களின் பிற்பாதியில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் என்று தெற்கே மீட்டர்கேஜ் பாதை இறங்கியது.

இந்த வருடங்களை மறுபடி பாருங்கள். 1870-களின் பிற்பாதி. அதாவது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்திலும் அதன் அடி விழுந்தது. அப்போது சென்னையில் முறையான துறைமுகம்கூட முடியவில்லை. கப்பலில் வந்த தானிய மூட்டைகள் கடற்கரையில் மலைபோல் குவிந்து கிடந்தன. அங்கிருந்து உள்ளூருக்குப் போக வேண்டியது கூட்ஸ் பெட்டியில்.

ரயில் பல ஊர்களுக்கு அரிசி கொண்டுபோனது, உண்மை. ஆனால் தனியார் தானிய வியாபாரத்தில் தலையிட மாட்டோம் என்பது அரசின் கொள்கை. விலை எங்கே ஏறுகிறதோ அங்கே மூட்டை போகும். கையில் காசு இல்லாத ஊரைத் தாண்டியும் போகும். எங்கள் பாடப் புத்தகத்தில் 'தேவை' என்ற சொல்லுக்கு அர்த்தம் வாங்கும் விருப்பம் மட்டும் இல்லை, வாங்கும் சக்தியும் சேர்ந்தது. அந்த ஒரு வரி 1877-ல் எப்படி நடந்தது என்று நினைத்தால் பரீட்சைக்குப் படிக்கும்போதே கொஞ்சம் நெஞ்சை அடைக்கிறது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு, ரிச்சர்ட் டெம்பிள் சிபாரிசு செய்தபடி, ஒரு நாள் கூலியில் தானியத்துக்கான அளவு ஒரு பவுண்டு. அரைக் கிலோவுக்கும் குறைவு.

அந்தத் தானியம் சுமந்த பெட்டி எப்படி இருந்திருக்கும்? கதவு எந்தப் பக்கம் திறந்தது? மூட்டை உரசி உரசி வாசல் எவ்வளவு தேய்ந்திருந்தது? ஒரு ஆள் அதை மாதிரியாகச் செய்ய உட்கார்ந்தால், முதல் கேள்வியே வரலாற்றுக் கேள்வியாகத்தான் இருக்கும்.

கடலோரத்துக்கு ஏன் ரயில் வரவில்லை?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் இன்று வரை அங்கே ரயில் கிடையாது. அந்தக் கடலோரத்துக்குச் சரக்குப் பாதையாக இருந்தது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய் துண்டு துண்டாக நீண்டது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாறையும் இணைத்த பகுதி 1877–78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. மரக்காணம் பக்கம் வரை மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். உப்பும் சவுக்கு விறகும் படகில் சென்னைக்குப் போயின.

ஆக செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரே காலத்தில் இரண்டு சரக்குப் பாதைகள். உள்ளே இரும்பு, கடலோரத்தில் தண்ணீர். இரண்டிலும் பஞ்சத்தின் கை இருந்தது.

இங்கே உப்பு முக்கியம். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். ஆனால் உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் துரு வேகமாகும். கடற்கரைப் பக்கம் பைக் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கெமிஸ்ட்ரி இல்லாமலேயே சொல்வார்கள். கல்லையும் உப்பு விடாது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் காலத்தில் கட்டியது. உப்புக் காற்றில் அதன் சிற்பங்களின் முகங்கள் மழுங்கிப் போயிருக்கின்றன. தொல்லியல் துறை காகிதக் கூழைக் கல்லில் அப்பி, அது காயும்போது உள்ளே இருக்கும் உப்பை உறிஞ்சி எடுக்கிறது. காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் அலையைத் தடுக்கக் கற்களும் போட்டிருக்கிறார்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளையும் ஒரு வகையில் மாதிரி செய்தவர்கள் என்றே சொல்லலாம். ஐந்து ரதங்களைப் பாருங்கள். மரத்திலும் கூரையிலும் கட்டிய கட்டடங்களைக் கல்லில் அப்படியே எடுத்திருக்கிறார்கள். திரௌபதி ரதம் சாட்சாத் கூரை வீடு. அந்த மரக் கட்டடங்கள் எப்போதோ மக்கிப் போய்விட்டன. அவை எப்படி இருந்தன என்று ஆராய்கிறவர்கள் இந்தக் கல் மாதிரிகளைத்தான் பார்க்கிறார்கள். (ரதம் என்று பெயர், சக்கரம்தான் இல்லை!)

மீட்டர்கேஜ் பெட்டிகள் எங்கே போயின?

செங்கல்பட்டுக் கதையின் நடுப்பகுதி மீட்டர்கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். பிராட்கேஜ் என்றால் 1,676. இரண்டும் சந்திக்கும் அரக்கோணம் போன்ற இடங்களில் பெட்டி தாண்ட முடியாது. மூட்டைதான் தாண்ட வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து இறக்கி, தோளில் சுமந்து, இன்னொன்றில் ஏற்ற வேண்டும். கூலி, தாமதம், கிழிந்த சாக்கு, சிந்திய தானியம், காணாமல் போன மூட்டை... எல்லாம் செலவு. பாதை போடும்போது மிச்சம் பிடித்த பணத்தை வருடா வருடம் இப்படித் திருப்பிக் கொடுத்தார்கள்.

1960-களின் நடுவில் இந்தப் பாதைக்கு ஜப்பானிலிருந்து வொய்.ஏ.எம்.-1 என்ற மின்சார எஞ்சின்கள் வந்தன. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் வரை 25,000 வோல்ட் மின்கம்பியின் கீழ் மீட்டர்கேஜ் ரயில்கள் ஓடின. அந்த வகை மீட்டர்கேஜ் எஞ்சின் இந்தியாவில் வேறெங்கும் ஓடவில்லை. அவை பயணிகள் வண்டியும் இழுத்தன, கூட்ஸும் இழுத்தன. 1992-ல் ரயில்வே எல்லாப் பாதைகளையும் ஒரே அகலமாக்கும் யூனிகேஜ் திட்டத்தைத் தொடங்கியது. 2004-ல் சென்னையின் மீட்டர்கேஜ் மின்சார ரயில்கள் முடிவுக்கு வந்தன.

அகலப்பாதை வந்தது நல்லதுதான், அதில் சந்தேகம் இல்லை. மூட்டையைத் தோள் மாற்றும் கொடுமை போனது. ஆனால் ஒரு அகலம் போகும்போது அந்த அகலத்தில் ஓடிய எல்லாமே சேர்ந்து போகிறது. எஞ்சின் என்றால் மியூசியத்தில் ஒன்றாவது நிறுத்துவார்கள். மகாராஜா போன சலூன் என்றால் கண்ணாடி போட்டு வைப்பார்கள். அரிசியும் உப்பும் சிமெண்டும் சுமந்த பெட்டி பழைய இரும்பு விலைக்குப் போகும். கணக்கில் எழுதும்போது அதன் பெயர் 'ஸ்கிராப் மதிப்பு'.

இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். மாதிரி ரயில் கடையில் நம் பிராட்கேஜுக்குச் சரியான தண்டவாளம் கிடைக்காது. 1,676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வரும். கடையில் இருக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 தான், ஏனென்றால் அது ஐரோப்பிய, அமெரிக்க அகலத்துக்குச் செய்தது. ஆனால் நம் மீட்டர்கேஜ்? 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் மீட்டர்கேஜ் என்பதால் அவற்றை மாதிரி செய்ய 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ரெடிமேடாகவே விற்கிறது. ஆக செங்கல்பட்டு மீட்டர்கேஜுக்குத் தண்டவாளம் ரெடி. அதில் ஓட்ட வேண்டிய கூட்ஸ் பெட்டியைத்தான் நாமே செய்துகொள்ள வேண்டும்.

பெட்டியைப் படிப்பது எப்படி?

இன்று ஓடும் பெட்டியிலிருந்து ஆரம்பித்தால் பழசைச் செய்யக் கை பழகும். கரி, தாது எல்லாம் ஏற்றும் திறந்த பெட்டி பாக்ஸ்-என். 1980-களின் தொடக்கத்தில் வந்தது. ஏர் பிரேக் உள்ளது. இணைப்பிலிருந்து இணைப்பு வரை நீளம் 10,713 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 123. ஒரு அரை அடி ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு முழு வண்டிக்கு 58 பெட்டி வேண்டும். குட்டி அளவிலேயே ஏழு மீட்டருக்கு மேல் போகும்! ஹாலில் ஓட்டினால் எஞ்சின் வாசலுக்கு வரும்போது பிரேக் வேன் இன்னும் சமையலறையில்தான் இருக்கும்.

மூடிய பெட்டி பிசிஎன். சிமெண்ட், அரிசி, உரம். பெட்ரோல் டேங்கர் பிடிபிஎன். கன்டெய்னர் வைக்கத் தட்டையான பிஎல்சி. இன்னொன்று என்எம்ஜி. வயதான பயணிகள் பெட்டியின் சீட்டுகளைக் கழற்றி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, கடைசியில் கதவு வைத்து, கார் ஏற்றும் பெட்டியாக மாற்றியது. வாலாஜாபாத் நிலையத்திலிருந்து இப்படிக் கார்கள் ரயிலில் போகின்றன. அந்தத் தடத்தின் மூதாதை 1865-ன் மூன்றரை அடிப் பாதை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என்எம்ஜி மாதிரி செய்பவர் அடைத்த ஜன்னல்களின் விளிம்பு லேசாகத் தெரியும்படி செய்ய வேண்டும். அதில்தான் அந்தப் பெட்டியின் முன்ஜென்மம் இருக்கிறது.

அடுத்து எண். ஒவ்வொரு பெட்டியிலும் 11 இலக்கம். முதல் இரண்டு பெட்டியின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் (தெற்கு ரயில்வே 06). அடுத்த இரண்டு செய்த வருடம். பிறகு நான்கு வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்க்க. உதாரணத்துக்கு 10 06 96 1234 என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் (0+6+6+2+4) 18. அதை 3-ஆல் பெருக்கினால் 54. ஒற்றைப்படை இடங்கள் (1+0+9+1+3) 14. மொத்தம் 68. அடுத்த பத்து 70. வித்தியாசம் 2. ஆகவே முழு எண் 10069612342. மாதிரியில் மனம்போன எண்ணை எழுதினால் விஷயம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார் :-)

இது தவிர கடைசியாக எந்தப் பணிமனையில் முழுப் பராமரிப்பு நடந்தது, அடுத்து எப்போது வர வேண்டும் என்ற தேதிகளும் பெட்டியில் எழுதியிருக்கும். பழுதான பெட்டிக்கு 'சிக்' என்று பெயர். நிறுத்துமிடம் 'சிக் லைன்'. நம்மைப் போலத்தான், மெடிக்கல் லீவ்! யார்டு ஊழியர்கள் சாக்பீஸால் கிறுக்கிய குறிப்புகளும் இருக்கும்.

செய்முறை

விலை உயர்ந்த கிட் எதுவும் தேவையில்லை. கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். (வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும்.) அளவெடுத்து வெட்டி, பின்பக்கம் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் குத்தினால் முன்பக்கம் ரிவெட் மாதிரி புடைக்கும். பக்கவாட்டு முட்டுகளுக்கு அட்டையைக் குறுகலாக வெட்டி ஃபெவிகாலால் ஒட்டலாம். கைப்பிடிக்கு மெல்லிய செம்புக் கம்பி. சக்கரம் மட்டும் வாங்கிக்கொள்வது நல்லது. அட்டை ஈரம் குடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் வார்னிஷ்.

அடிப்படை நிறம் பெரும்பாலான பெட்டிகளுக்கு ரெட் ஆக்சைடு, செங்காவி. இரும்பு கேட்டுக்கு முதல் கோட்டாக அடிப்போமே, அதே குடும்பம். அந்தச் சாயத்தின் மூலப்பொருள் இரும்பு ஆக்சைடு. துருவும் இரும்பு ஆக்சைடுதான்! துருவிலிருந்து இரும்பைக் காப்பாற்ற, துருவின் உறவினரையே பூசுகிறோம். இதனால் மாதிரி செய்பவருக்கு ஒரு சங்கடம். செங்காவி மேல் துருவை எப்படிக் காட்டுவது? பெயிண்டின் சிவப்பு வெயிலில் வெளுத்து ரோஸ் சாம்பல் பக்கம் போகும். புதுத் துரு ஆரஞ்சு. பழந்துரு கருங்காபி. மூன்றையும் பிரித்துக் காட்டினால் போதும்.

உரித்த பெயிண்டுக்கு ஒரு அருமையான வழி உண்டு. முதலில் முழுப் பெட்டிக்கும் துரு நிறம். காய்ந்ததும் அங்கங்கே தண்ணீர் தொட்டு, சமையல் உப்பைத் தூவ வேண்டும். அது ஒட்டிக் காய்ந்த பிறகு மேலே செங்காவியை ஸ்பிரே செய்ய வேண்டும். கடைசியில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, அந்த இடத்தில் மட்டும் கீழே இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். நிஜத்தில் துருவை வளர்ப்பதும் உப்பு, மாதிரியில் துருவைக் காட்டுவதும் உப்பு. கோவளம் முதல் மரக்காணம் வரை உப்பளம் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது தோன்றாமல் போனது எப்படியோ!

துருவுக்கே நிஜத் துரு வேண்டுமா? ஸ்டெயின்லெஸ் இல்லாத இரும்பு நாரை வினிகரில் ஓரிரு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை அட்டையில் தொட்டு வைத்தால் காயக் காய நிறம் ஏறும். தூசுக்கு அரைத்த சாக்பீஸும் செங்கல் பொடியும். (செங்கல்பட்டு என்ற பெயருக்கும் செங்கல்லுக்கும் சம்பந்தமில்லை. செங்கழுநீர்ப்பட்டு என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள்.) மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கோட்.

ஆனால் எங்கே பூச வேண்டும் என்பதுதான் விஷயம். கண்ட இடத்தில் பூசினால் அது அழுக்கு. காரணத்தோடு பூசினால்தான் வரலாறு. கரி ஏற்றும் பெட்டியின் உள்பக்கம் முழுத் துரு, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கரி உரசி பெயிண்டை எடுத்துவிடும். வெளிப்பக்கம் மேல் விளிம்பிலும் இயந்திரக் கரண்டி இடித்த பள்ளத்திலும் துரு. சிமெண்ட் பெட்டி என்றால் கதவைச் சுற்றிச் சாம்பல் வெள்ளை. மழை நனைத்தால் அது அங்கேயே பிடித்துவிடும். டேங்கர் என்றால் மேல் மூடியிலிருந்து கறுப்பு வழிசல் கீழ்நோக்கி. சக்கரம், போகி எல்லாம் பிரேக் தூசியில் ஒரே பழுப்பு. ஆனால் தண்டவாளத்தைத் தொடும் சக்கர விளிம்பு மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும். அது மங்கியிருந்தால் அந்தப் பெட்டி ரொம்ப நாளாக ஓடவில்லை என்று அர்த்தம். எண்ணைத் திருப்பி எழுதிய இடத்தில் ஒரு சதுரம் மட்டும் புதுப் பெயிண்ட். அதன் தேதியும் பெட்டியின் அழுக்கும் ஒத்துப்போக வேண்டும். போன மாதம் பணிமனையிலிருந்து வந்ததாக எழுதிவிட்டு பத்து வருடத் துருவைப் பூசினால், கணக்கு டேலி ஆகாது.

கடைசியாக ஒன்று

இந்திய ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. நம் டிக்கெட் இவ்வளவு மலிவாக இருப்பதற்கு அந்தக் கூட்ஸ் பெட்டிகளும் ஒரு காரணம். சென்னை ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-ல் திறந்த ரயில் மியூசியம் இருக்கிறது. புனேயில் பாவ் ஜோஷி உருவாக்கி 1998-ல் திறந்த குட்டி ரயில் மியூசியம் இருக்கிறது. இரண்டுமே போய்ப் பார்க்க வேண்டியவை. ஆனால் அழுக்கோடு உழைத்த பெட்டியை அதன் அழுக்கோடு காப்பது எந்தப் பெரிய மியூசியத்துக்கும் கஷ்டம். நிறுத்தி வைத்தவுடன் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அடித்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமும் துருவாகப் போகும். ஆக ஒரு பெட்டி உழைத்த காலத்தில் எப்படி இருந்தது என்பதை நிஜப் பெட்டியால் காப்பாற்ற முடியாது. 123 மில்லிமீட்டர் அட்டைப் பெட்டியால் முடியும்.

செங்கல்பட்டு மீட்டர்கேஜில் மூட்டை ஏற்றியவர்கள், கார்டாக இருந்தவர்கள், யார்டில் சாக்பீஸ் பிடித்தவர்கள் நம் தெருக்களிலேயே ரிட்டயர் ஆகி இருக்கிறார்கள். நண்பர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தப் பெட்டியில் கதவுப் பக்கம் என்ன நிறத்தில் இருக்கும்?" என்று. அவர்கள் சொல்லும் பதிலை வருடத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயிண்ட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.